மார்ச் மாதத் தாள், த்ரியெஸ்தே

முதலில் வாடகை.
பழைய துறைமுகக் கிடங்கில் நம் ஓவியக்கூடத்துக்கு
ஜூன் வரை பழைய தொகைதான்.
அதற்கப்புறம்?
கேட்கப் போன துயீலியோவுக்குக்
காப்பி கொடுத்தார்கள்,
பதில் கொடுக்கவில்லை.

போரா காற்று மூன்று நாள் அடித்தது.
நாம் ஒட்டிய நூற்றிருபது சுவரொட்டிகளில்
சுவரில் நின்றவை நான்கு.
பறந்துபோன கட்டு ஒன்று மீன்கடையில் இறங்கியிருக்கிறது.
கடைக்காரி அதில் மத்தி சுற்றிக் கொடுத்தாள்.
செதில் ஒட்டிய முகவரியைப் பிடித்துக்கொண்டு
ஆறு பேர் கண்காட்சிக்கு வந்தார்கள்.
மற்ற நான்கைப் பார்த்து எவரும் வரவில்லை.

சனிக்கிழமை வகுப்பில் மாடலாக நிற்கும் லிவியோ
முப்பது வருடம் கிரேன் ஓட்டியவர், குளிருக்கு அஞ்சாதவர்,
அவரே சொல்லிவிட்டார்:
அடுப்பு எரியாவிட்டால் கோட்டைக் கழற்றமாட்டேன்.
போன வாரம் பதினோரு பேரும் கோட்டு வரைந்தோம்.
ஒருவருக்கும் பொத்தான் சரியாக வரவில்லை.

இனி, நீங்கள் எல்லோரும் கேட்கும் விஷயம்.

படிக்கட்டுத் தெருவில் ஒரியெல்லா
ஏழு மாதம் ஏணியில் நின்று தீட்டிய சுவர்,
கடலில் இறங்கும் பதினான்கு பெண்கள்,
ஒரு செவ்வாய்க்கிழமை காலையில்
சாம்பல் நிறமாகிவிட்டது.
அனுமதிக் கடிதம் நகராட்சியில்
வேறொரு மேசையில் தூங்கியிருக்கிறது.

வியாழன் கூட்டத்தில் கத்தினோம்.
யார் மேல் என்று தெரியாமல்
ஒருவர் மேல் ஒருவர் கத்தினோம்.
அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு மனிதர்,
தொப்பி கையில்,
நகக்கண்ணில் அதே சாம்பல்.
பெயர் எட்சியோ கிர்பெட்ஸ்.
"நான்தான் அடித்தேன்" என்றார்.

நாற்காலி போட யாரும் எழவில்லை.
கடைசியில் நேவியா எழுந்தாள்.

பத்தொன்பது வருடமாக இதுதான் வேலையாம்.
ரோலரை வைக்கும்முன் ஒரு நிமிடம் பார்ப்பாராம்,
மேலதிகாரி வண்டியில் இருந்தால் அரை நிமிடம்.
ரயில் நிலையச் சுவருக்கடியில் சிவப்பு நாய் ஒன்று,
வாலை மட்டும் வரைந்தவனுக்கு வரத் தெரியவில்லை.
சுரங்கப்பாதையில் ஆள் உயரத்துக்கு 'நெரீனா' என்ற பெயர்,
மூன்று முறை அழித்தாராம், மூன்று முறை முளைத்ததாம்,
நான்காவது முறை வரவேயில்லை.
"கல்யாணம் ஆகியிருக்கும்" என்றார்,
"அவளுக்கோ, அவனுக்கோ."

துயீலியோ சிரித்துவிட்டுச்
சிரித்ததற்காக இருமினார்.

அதுவரை வாய் திறக்காத ஒரியெல்லா கேட்டாள்:
"பச்சைத் தொப்பிக்காரி எத்தனையாவது?"

"இடமிருந்து ஐந்தாவது.
அவளுக்கு ஒரு காலில்தான் செருப்பு."

ஒரியெல்லா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
பிறகு தன் கோப்பையில் இருந்த ஒயினை
அவர் பக்கம் நகர்த்தினாள்.
"மறந்துவிட்டேன்," என்றாள்,
"எனக்கே இப்போதுதான் தெரிகிறது."

தீர்மானம்:
மறுபடி தீட்டவேண்டும் என்று ஆறு கை.
நகராட்சி மன்னிப்புக் கேட்கும்வரை
சாம்பலாகவே கிடக்கட்டும் என்று நான்கு.
ஒரியெல்லா கை தூக்கவில்லை.
லிவியோவின் கை கோட்டுப் பையிலேயே இருந்தது,
கணக்கில் சேர்க்கவில்லை.

வேறு செய்திகள்.
சூளை மறுபடி பழுது, ஏப்ரல் வரை பச்சை மண்ணோடு வராதீர்கள்.
மஞ்சள் குடை ஒன்று, கம்பி வளைந்தது,
போரா விட்டுப்போனதா நீங்களா என்று தெரியவில்லை,
வாசலில் இருக்கிறது.
சந்தா பாக்கி வைத்திருப்பவர்கள் பெயரை
இந்த முறையும் அச்சிடவில்லை. என் பெயரும் அதில் உண்டு.

ஞாயிறு மாலை படிக்கட்டுத் தெரு வழியாகத்தான் வந்தேன்.
அகலமான சாம்பல் சுவர்,
நடுவே ஒன்றுமில்லை.
கீழே, கணுக்கால் உயரத்தில்,
இடப்பக்கமாக,
ஒரே ஒரு செருப்பு.
நீலம்.
வார் இன்னும் காயவில்லை.

எட்சியோவுக்கு அடுத்த வாரம்
அந்தத் தெருவில்தான் வேலையாம்.

இந்த மாதத் தாளின் பிரதி
நகராட்சிக்கு அனுப்பப்படவில்லை.