மூடாத சரம்

ஸ்ரான்லி வீதியில் ஹாட்வெயார் கடைக்கு மேல்மாடி.
கீழே சிமெந்துப் பை இறக்கும் சத்தம்.
மேலே நாங்கள் இரண்டு பேர்,
ஒரு புது மொழி எங்கே வாயைத் திறந்து
எங்கே மூட வேண்டும் என்று
மூன்றாவது கிழமையாக அடிபடுகிறோம்.

இரட்டைக் குறி போதுமே என்றேன்,
உலகம் முழுக்க அதுதானே.
அனோஜிதன் ஒப்பவில்லை.
"தமிழில நிரல் எழுதிற பிள்ளை
ஒவ்வொரு சொல்லுக்கும் விசைப்பலகையை மாத்தி
அங்கால போய் இங்கால வரேலுமோ?"

யோசித்தால், எங்கள் பேச்சில் திறப்புக்குறியே இல்லை.
மழை வரும் எண்டு நினைச்சன்.
கடை பூட்டு எண்டு சொன்னவை.
சொன்னது எங்கே தொடங்கிற்று என்று ஒருவரும் காட்டுவதில்லை;
எல்லாம் முடிந்தபின் ஓர் 'எண்டு' வந்து
பின்கதவைச் சாத்தும்.
அதையே வைத்து ஒரு நாள் முழுக்க முயன்றோம்.
பகுப்பான், பாவம்,
அந்தக் கடைசிச் சொல் வரும்வரை
வந்ததையெல்லாம் இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு நின்றது.

பிறகு ௸.
எந்த விசையில் இருக்கிறதென்று அவனுக்கும் தெரியாது.

அப்போதுதான் ஆய்தம்.
உயிரிலும் சேராமல் மெய்யிலும் சேராமல்
அரிச்சுவடியில் தனியே குந்தியிருந்த மூன்று புள்ளி.
ஒருவருக்கும் தேவைப்படாத எழுத்து என்று நினைத்தோம்;
அஃதும் இஃதும் சோதனைத் தாளோடு போயிற்று.

ஃவணக்கம்ஃ

பார்க்க வடிவாய்த்தான் இருந்தது.
இரண்டு பக்கமும் அடுப்புக்கல், நடுவில் சொல்.
அன்றைக்கு மாலு பாண் நான் வாங்கினேன்.

வெள்ளிக்கிழமை சோதித்துப் பார்க்க வந்தாள் ஃபஸ்மியா.
புத்தளத்தில் பிறந்தவள்,
இப்போது ஐந்து சந்திப் பக்கம் வீடு.
எல்லோரும் முதலில் செய்வதைத்தான் செய்தாள்:
தன் பெயரை அடித்தாள்.

பெயர் = ஃஃபஸ்மியாஃ

எங்கள் ஆய்தம் திறந்தது.
அவளுடைய ஆய்தம் மூடியது.
இடையில் இருந்த ஒன்றுமில்லாததை
அவள் பெயர் என்று இயந்திரம் ஏற்றுக்கொண்டது.
முதலெழுத்துப் போன பஸ்மியா வெளியே நின்றாள்.
வரி ஒன்று, பிழை: இப்படியொரு பெயரை அறியேன்.

"முன்னால ஒரு சாய்கோடு போடுங்கோ, சரிவரும்,"
அனோஜிதன் உடனே.
அவள் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.
"உங்கட பேருக்கும் போடவேணுமோ?"
"இல்லை."
"அப்ப எனக்கு மட்டும்."

கீழே ஒரு பை உடைந்திருக்க வேண்டும்.
படிவழியே சாம்பல் தூசி ஏறி வந்து
விசைகளின் மேல் அமர்ந்தது.

குறியே வேண்டாம், என்றேன்,
எத்தனை எழுத்தென்று முதலே சொல்லிவிட்டால்
எண்ணி எடுத்துக்கொள்ளட்டும்.
ஐந்து என்றாள், விரல் விட்டு.
எட்டு என்றது இயந்திரம்,
புள்ளியையும் விசிறியையும் அரவையும்
வேறு வேறு ஆள் என்று எண்ணி.
வட்டில் போய்ப் பார்த்தால் இருபத்துநாலு.
அதோடு அந்த யோசனையும் கிடந்தது.

கடைசியில் இரட்டைக் குறிக்கே திரும்பினோம்.
எங்கள் மூவர் பெயரிலும் அது இல்லை.
இல்லை என்பதற்கு மேல்
எங்களிடம் வேறு நியாயம் கிடையாது.

அன்றைய கோப்பை நான் அழிக்கவில்லை.
அதன் முதல் வரியில்
அந்தக் கடைசி ஆய்தம் திறந்து கிடக்கிறது;
அதன் பிறகு எழுதியது எல்லாமே
நிரல் இல்லை, வெறும் சொல்.
அனோஜிதனின் திருத்தம், என் கணக்கு,
யாரோ தவறி அழுத்திய பதினொரு வெற்றிடம்,
எல்லாம் அவள் பெயருக்குப் பின்னால் உள்ளே.

வீதியில் பாண் ஓட்டோவின் பாட்டுத் தூரமாகிறது.
தூசியைத் தட்டிப் பையை எடுத்துக்கொண்டு
படியில் நின்று சொன்னாள்

போட்டு வாறன்