வரப்பு

ஆண்டவரே,
இந்நேரம் சபையில் விளக்கணைத்திருப்பார்கள்.
முழங்கால் போடச் சொல்லி
போதகரின் குரல் தழைந்திருக்கும்.
கீபோர்டுத் தம்பி ஒரே சுரத்தைப் பிடித்தபடி
கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பான்.
எனக்கு இங்கே தலைக்கு மேல் சுழலும் மஞ்சள் விளக்கு.
வின்னிபெக். மைனஸ் முப்பத்துநாலு.
பதினெட்டு டன் வண்டிக்குள்
முழங்கால் போட இடமில்லை.
பிரேக்கை மிதித்த காலோடு கேட்டுக்கொள்ளும்.

போன வருஷம் தட்டில் எடுத்த வாக்குத்தத்த அட்டை
கண்ணாடியோரம் செருகிக் கிடக்கிறது.
ஹீட்டர் சூட்டில் சுருண்டு, எழுத்து வெளுத்து
வசனம் போய்விட்டது.
அதிகாரமும் எண்ணும் மிச்சம்.
வேதத்தைத் திருப்பினால் தெரிந்துவிடும்.
திருப்பவில்லை.
என்ன தருவதாகச் சொன்னீர் என்று தெரிந்தால்
கணக்குக் கேட்கத் தோன்றும்.

ஸ்தோத்திரம் சொல்கிற நேரம், சொல்லிவிடுகிறேன்.
மார்ச்சில் ஐஸில் சறுக்கிய வண்டி
பள்ளிப் பேருந்துக்கு ஒரு முழம் முன்னால் நின்றதே, அதற்கு.
எஸ்தருக்கு வந்தது வெறும் கட்டிதான் என்றார்களே, அதற்கு.
அந்த இரண்டு வாரம் நான் உம்மிடம் பேசிய பேச்சை
நீர் மனசில் வைக்கவில்லை என்று நம்புகிறேன்,
அதற்கும்.

என் வேலை இவ்வளவுதான்:
தெருவின் நடுவைச் சுத்தம் பண்ணுவது.
தள்ளிய பனி எங்கே போகும்?
வலப்பக்கம், வீட்டுக்கு வீடு,
வாசலை மறித்து முழங்காலுயர வரப்பாய் நிற்கும்.
விடிந்ததும் மண்வெட்டியோடு வந்து
என்னைத் திட்டுவார்கள். நியாயம்தான்.
பாதையைத் திறந்துவிட்டு
வாசலை அடைத்துவிட்டுப் போகிறவன் நான்.
பதினாறு குளிர்காலம்.
திட்டு வாங்கிப் பழகிவிட்டது.
பழகியதுதான் இன்றைக்குப் பயமாயிருக்கிறது.

மேப்பிள்ஸில் நாலாவது தெரு, ஆசீர் வீடு.
என் கூடப்பிறந்தவன்.
எங்கள் அப்பாவுக்கு ஒரு சென்ட் நிலம் கிடையாது,
அண்ணன் தம்பி வெட்டிக்கொள்ள ஒரு வரப்பும் கிடையாது.
இங்கே வந்துதான் உண்டாக்கினோம்.
நாலாயிரத்து இருநூறு டாலர்.
ஒரு ஞானஸ்நான விருந்தில், பிரியாணித் தட்டுகளுக்கு நடுவில்,
அவன் மகள் கேட்கக் கேட்கப் பேசினேன்.
பேசி முடித்ததும் என் மனசு
தெரு மாதிரி சுத்தமாயிருந்தது.
அத்தனையும் அவன் வாசலில் கிடந்தது.

அவன் வீடு வந்ததற்காக பிளேடைத் தூக்க முடியாது.
தள்ளினேன்.
பத்தடி தாண்டி நிறுத்தினேன்.
ரேடியோவில் டயான், ஏன் நின்றாய் என்றாள்.
இரண்டு நிமிஷம் என்றேன்.
வருஷத்தின் கடைசிப் பொய்.

மண்வெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.
மூச்சு தாடியில் உறைந்தது.
மேல்பனி பஞ்சு, அடிப்பனி கல்.
மண்வெட்டி வழுக்க, மண்டியிட்டுக்
கையால் பெயர்த்தேன்.
எங்கோ பட்டாசு வெடித்தது.
பிறந்துவிட்டது போலிருக்கிறது, புது வருஷம்.
மாடியில் ஒரு திரை அசைந்தது,
ஹீட்டர் காற்றாகவும் இருக்கலாம்.
கதவு திறக்கவில்லை.
திறக்க வேண்டுமென்று நான் கேட்கவில்லை.
கேட்டேன். உமக்குத் தெரியும்.

ஒரு கார் போகிற அகலத்துக்கு வெட்டியாயிற்று.
அவனுடையது வேன்.
இன்னும் ஒரு முழம் வேண்டும்.
டயான் மறுபடி கூப்பிட்டுவிட்டாள்.

ஞாயிறு வந்து புது அட்டை எடுத்துக்கொள்கிறேன்.
எதை வேண்டுமானாலும் எழுதித் தாரும்.
அதுவரை, தகப்பனே,
நான் தள்ளுவது எங்கே விழுகிறதென்று காட்டுகிற
இந்தப் பக்கக் கண்ணாடி உறையாமல் பார்த்துக்கொள்ளும்.

பின்னால் மறுபடி பனி பிடிக்கிறது.
திறந்த தெரு மெல்ல வெளுக்கிறது.
அந்த ஒரு முழத்துக்குப் பகலில் வருவேன்,
வண்டி இல்லாமல், நடந்து.
ஆமெனை அங்கே வைத்துச் சொல்கிறேன்.