பத்தல

குயின்ஸ்லாந்து, மக்காய்.
அக்டோபர் வெயில், பகல் இரண்டு மணி.
வாட்டிய அன்னாசிமேல் ரம் ஊற்றினான் தயாபரன்.
நூற்றுக்கு எழுபத்தைந்து சாராயம்.
லேபிளில் சின்னதாய் ஒரு தீச்சுடர்;
அழகாயிருக்கிறது என்றோம்.

லைட்டரைச் சொடுக்கினான். ஒன்றுமில்லை.
இன்னொரு தரம். ஒன்றுமில்லை.
"பத்தல," என்றான்.
தீயையா, ரம்மையா,
கேட்கவில்லை யாரும்.
புட்டியோடு குனிந்தான்.

பிறகு ஆடினான்.
கையை உதறி, மார்பில் அடித்துக்கொண்டு
புல்தரை முழுக்கச் சுற்றிச் சுற்றி.
டெரில் விசிலடித்தான்.
நான் வீடியோ எடுத்தேன்.

சட்டைக் கை தானாகச் சுருள்வதைக் கண்டவள்
வசுமதிதான்.
ஐஸ் பெட்டியை அப்படியே
அவன்மேல் கவிழ்த்தாள்.
பியர் கேன்கள் உருண்டு ஓடின.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது இருட்டிவிட்டது.
எங்கோ கரும்புத் தோட்டம் கொளுத்தியிருந்தார்கள்.
செக்கச்செவேலென்று, சடசடவென்று,
ஊருக்கே சொல்லிவிட்டு எரிகிற தீ.
அதுவும் கரும்புதான்.

வீடியோவை இன்னும் அழிக்கவில்லை.
எத்தனை தரம் ஓட்டினாலும்
அதில் நெருப்பே இல்லை.
நல்ல வெயில்.
தயாபரன் ஆடுகிறான்.
பின்னால் ஒருவன் சிரிக்கிறான்,
என் குரலில்.