காற்புள்ளி

வல்டிவியாவில் மே மாத மழை
யாரும் கேட்காவிட்டாலும்
நிறுத்தாமல் பேசும் விரிவுரையாளர்.

பல்கலைக்கழக நூலகத்தின் கணினி அறை.
பதினேழு பேர், பதினேழு ஈரக் கம்பளிச் சட்டைகள்,
கடலுயிரியல் இரண்டாம் ஆண்டு.
வருகைப் பதிவுக்காக வந்தவர்கள்.
ஒருத்தி சன்னல் ஆவியில் விரலால் மீன் வரைகிறாள்,
செவுள் வரைக்கும் சரியாக.

நூலகர் சிமேனா ஒயார்சூனுக்குத்
துறை கொடுத்தது நாற்பது நிமிடம்.
திரையில் ஒரே ஒரு வாக்கியம் போட்டாள்:
இந்த ஆற்றுமுகத்துச் சிப்பி ஒன்று
மணிக்குப் பதினோரு லிட்டர் நீரை வடிகட்டும்.
பின்னால் பெயர், ஆண்டு, பக்க எண்,
இஸ்திரி போட்டு மடித்த சட்டை மாதிரி.

"இதை யார் அளந்தது?"
அவ்வளவுதான் பாடம்.
விடை தனக்குத் தெரியும் என்றுதான் நினைத்திருந்தாள்.

2018ஆம் ஆண்டுக் கட்டுரை 2003ஐக் கைகாட்டியது.
2003, 1989ஐ.
1989 ஓர் ஆங்கிலக் கட்டுரை,
அது இதே ஊரின் 1964 ஆய்வேடு ஒன்றைக் காட்டிவிட்டு
வாயை மூடிக்கொண்டது.
முன்னால் போகிறவனின் சட்டையைப் பிடித்துக்கொண்டு
ஐம்பது வருடமாக ஒரு ரயில் விளையாட்டு.

கடைசி வரிசையில் தூங்கிக்கொண்டிருந்த
எலிசியோ பாய்யான் தலை தூக்கினான்.
விடிகாலை நாலு மணிக்கு
மீன்சந்தையைக் கழுவிவிட்டு வந்தவன்.
"பதினொன்றா? அது சிப்பியா, பம்பா?"
அறை சிரித்தது.
சிமேனாவும் சிரித்தாள்.
"சந்தேகம் உன்னுடையது. சாட்சி?"

நிலவறைக்கு ஆறு பேர் மட்டும் இறங்கினார்கள்.
நூல் கட்டு அவிழ்ந்த தட்டச்சுப் பிரதி,
ஊதா மை, பூஞ்சை வாசனை.
நாற்பத்து மூன்றாம் பக்கம்.
ஒன்று.
பிறகு, ஈயின் கால் அளவுக்கு ஒரு காற்புள்ளி.
பிறகு இன்னொரு ஒன்று.

தசமத்துக்குப் புள்ளி வைக்காமல்
காற்புள்ளி வைக்கும் நாடு இது.
கடல் தாண்டியபோது
அந்தக் காற்புள்ளி கால் முளைத்து
எங்கோ இறங்கிப் போய்விட்டது.
கட்டெறும்பு வளர்ந்து கழுதையான கதை.

யாரோ கைதட்டினார்கள்.
சிமேனா தட்டவில்லை.
அந்த வாக்கியத்தை
'மேற்கோள் காட்டுவது எப்படி' என்ற கையேட்டில்
அச்சிட்டுக் கொடுத்தவள் அவள்தான், நான்கு வருடமாக.
அடிக்குறிப்பின் அழகைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தது.
ஒரு நாளும் இந்தப் படிகளில் இறங்கியதில்லை.
சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் யோசித்தாள்.
சொன்னாள்.

ஒருவரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.
மீன் வரைந்த ஐலின் மட்டும் அடுத்த பக்கத்தைப் புரட்டினாள்.
"ஐந்து சிப்பிகள்தான் அளந்திருக்கிறார்.
ஒரே ஒரு பிற்பகல்.
அப்படியானால் இதை மட்டும்
எதற்கு நம்புகிறோம்?"

மணி அடித்துவிட்டது.

எலிசியோ பக்கத்தைப் படமெடுத்துக்கொண்டு
அம்மாவின் கடையில் இருக்கும் வாளி
எத்தனை லிட்டர் என்று
தனக்குள் கணக்குப் போட்டபடி போனான்.
ஆற்றோரம் கடற்சிங்கம் ஒன்று
மீன் தலைக்காகக் குரைத்தது.

காலியான அறையில்
சிமேனா வருகைத் தாளை எடுத்தாள்.
கோப்பில் போடப் போனவள் நின்றாள்.
வழக்கமில்லாத வழக்கமாக
ஒவ்வொன்றாய் விரல் வைத்து எண்ணினாள்.

பதினெட்டுக் கையெழுத்துகள்.