எழுபது அடி

வாரத்தில் ஆறு நாள் துணியில் குறை பார்க்கிறவள் நான்.
அடியில் ட்யூப்லைட் எரியும் கண்ணாடி மேசைமேல்
பனியன் துணி ஓடிக்கொண்டே இருக்கும்.
ஊசி விட்ட கோடு, எண்ணெய்ச் சொட்டு,
குண்டூசித் தலையளவு ஓட்டை,
வட்டம் போட்டுத் தள்ளிவிடுவேன்.
ஞாயிற்றுக்கிழமை அதே கண்ணைத்தான்
சாமளாபுரம் குளத்துக்குக் கொண்டுபோகிறேன்.
வேறு கண் இல்லை.

அதனால்தான் அகப்பட்டது போல.
சித்திரையில் வற்றிய சேற்றுத் திட்டில்
எண்ணமுடியாத கூழாங்கற்கள்.
நாலு மட்டும் கூர்முனையை உள்ளே வைத்து
தலைகூட்டிப் பேசுகிற மாதிரி கிடந்தன.

நெடுங்கால் உள்ளான்.
சாயப்பட்டறையில் முக்கி எடுத்த நிறத்தில் கால்,
உடம்புக்குச் சம்பந்தமில்லாத நீளம்.

காமிரா இரண்டாம் கை.
லென்ஸுக்குத் தீபாவளி போனஸும்
பதினாலு மாதத் தவணையும்.
'அந்தக் காசுக்கு அரைப் பவுனாவது எடுத்திருக்கலாம்' என்றார் வீட்டுக்காரர்.
எடுத்திருக்கலாம்தான்.

முதல் ஞாயிறு முழங்காலில் ஊர்ந்து
முப்பது அடிவரை போய்விட்டேன்.
கிக் கிக் கிக் என்று எழுந்தது.
தண்ணீர் ஓரமாய் விழுந்து
ஒரு சிறகை ஒடிந்ததுபோல் இழுத்துக் காட்டியது.
எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.
அறுபத்திரண்டு படம்.

ராத்திரி சோறாக்கிவிட்டு உட்கார்ந்து பார்த்தேன்.
முதல் படம் பதினொன்று நாற்பத்திரண்டு.
கடைசிப் படம் பதினொன்று ஐம்பத்தொன்று.
ஒன்பது நிமிஷம்.
செருப்பில்லாமல் நான் நிற்கமுடியாத சேற்றில்
மூடாத நாலு முட்டை.
படத்தில் ஒரு குறையும் இல்லை, நல்ல ஃபோகஸ்.
எங்கே வட்டம் போட?

அடுத்த ஞாயிறு காலடியால் அளந்து எழுபதில் உட்கார்ந்தேன்.
கழித்துப் போட்ட சாம்பல் துணியைத்
தலைமுதல் கால்வரை போர்த்திக்கொண்டேன்.
வேர்வையில் வ்யூஃபைண்டர் மங்கிற்று.
அது தண்ணீரில் வயிற்றை நனைத்துச் சொட்டச்சொட்ட வந்து
காலைப் பின்பக்கமாய், நம் முட்டிக்கு நேர்மாறாய்,
மடக்கி மடக்கி
முட்டைமேல் ஈரத்தை இறக்கிற்று.
பெரிதாக்கினால் பட்டாணியளவு பறவை.
இருக்கட்டும்.

'என்னுங் அம்மிணி, குருவி புடிக்கறீங்களா?'
வண்டல் அள்ளும் டிராக்டர்.
பேர் அங்கண்ணன் என்று பிற்பாடு சொன்னார்.
'படமுங். சும்மா, மேகத்தை.'
கூட்டைச் சொல்லவில்லை. யாருக்கும் சொன்னதில்லை.
அவர் பீடியை எடுக்காமலே சிரித்தார்.
'அந்த நாலு முட்டைதானுங்க? திங்கக்கெழமையே பாத்துட்டனுங்.'

கைகாட்டிய பிறகுதான் தெரிந்தது.
கரையிலிருந்து நேராய் வரும் டயர் தடம்
திட்டுக்கு முன்னால் ஒடிந்து
ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு போகிறது.
ஒரு வாரத்து நடை, அத்தனையும் வளைந்து.
இரண்டு ஞாயிறு அதன் மேலேதான் நடந்திருக்கிறேன்.
பாதை அப்படித்தான் என்று நினைத்திருந்தேன்.

அடுத்த ஞாயிறு ஷிப்மென்ட், ஓவர்டைம்.
அதற்கும் அடுத்தது போனபோது முட்டை இல்லை.
ஓடு இல்லை, இறகு இல்லை.
நாய்த்தடம் இருந்தது, நாய்த்தடம் எங்கேதான் இல்லை.
எதிர்க்கரைக் கோரைக்குமேல் இரண்டும் கத்திக்கொண்டிருந்தன.
குஞ்சு இருந்தால் அப்படிக் கத்தும்.
இல்லாவிட்டாலும் கத்தும்.
லென்ஸை முழுக்க நீட்டியும்
கோரைக்குள் ஒன்றும் பிடிபடவில்லை.

டிராக்டர் மட்டும் வந்தது, லோடோடு.
ஒன்றுமில்லாத திட்டின் முன்னால் ஸ்டியரிங் திரும்பிற்று.
அதை எடுத்தேன், ஒரே படம்.
எழுபது அடியில் நின்றே.

வீட்டுக்காரர் வாங்கிப் பார்த்தார்,
விரலால் பெரிதாக்கி, பெரிதாக்கி.
'இதுல குருவி எங்க?'

இன்னும் அஞ்சு தவணை பாக்கி.