உப்புத்தாள்

ப்ளோவ்திவ் நகரில், தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம்,
லிஃப்ட்டுக்குப் பலகை செய்த கம்பெனியில்
ஷிவ்காவுக்கு ஒரே வேலை:
பேர் அழிப்பது.

கறுப்புச் சில்லின் முதுகில்
வெள்ளைப் பொடியெழுத்தில் இருக்கும்
யார் செய்தது, என்ன வகை, எந்த வாரம் பிறந்தது.
நானூறாம் நம்பர் உப்புத்தாளை விரலில் சுற்றி
நாலு இழுப்பு.
நாம்தான் உப்பைச் சேர்த்துச் சொல்கிறோம்.
அவள் மொழியில் அது ஷ்குர்கா, சின்னத் தோல்.
ஐந்தாவது இழுத்தால் முதுகு பள்ளமாகும்,
முதலாளி டோப்ரோமிர் கத்துவார்.

"பேர் தெரிந்தால் பக்கத்துத் தெருக்காரன்
நாளைக்கே நகலெடுத்து விற்பான்."
அவர் சொன்னது அவ்வளவுதான்.
அவள் கேட்டுக்கொண்டதும்.

ஒரு நாளைக்கு அறுநூறு முதுகு.
மூக்கைச் சிந்தினால் கைக்குட்டை கறுக்கும்.
இடதுகைக்காரி.
அவள் கீறல்கள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்திருக்கும்,
காற்று தள்ளிய சாரல் மாதிரி.

கம்பெனி மூடியது.
டோப்ரோமிர் வர்னா கடற்கரையில்
படகு வாடகைக்கு விடுகிறார் என்று கேள்வி.

ஒன்பது வருஷம் கழித்து, ஒரு பிப்ரவரி வியாழன்,
அவள் குடியிருக்கும் கட்டடத்திலேயே லிஃப்ட் நின்றது.
ஆறாம் மாடியில் கலோயான்.
சக்கர நாற்காலி. சதுரங்க நடுவர்.
சனிக்கிழமை பத்து மணிக்கு அவர் போய்
கடிகாரங்களை ஓடவிட வேண்டும்.

மெக்கானிக் ரங்கேல் பலகையைக் கழற்றி
அவள் சமையல் மேஜையில் வைத்தான்,
ஊறுகாய் மிளகாய் ஜாடிக்குப் பக்கத்தில்.
"நீ அந்தக் கம்பெனியில் இருந்தவள்தானே."
என்ன வேலை பார்த்தாள் என்று
அவன் கேட்டதுமில்லை, அவள் சொன்னதுமில்லை.

மூன்று சில்லு. மூன்றும் மொட்டை.
விளக்கைச் சாய்த்துப் பிடித்தாள்.
சாரல்.

நடுவிலிருந்தது ஓரத்தில் வெடித்திருந்தது.
அசிட்டோன் தொட்டுத் துடைத்தாள். வாயால் ஊதினாள்.
சில சமயம் மூச்சின் ஈரத்தில்
பழைய எழுத்து ஒரு நொடி எழும்பி மறையும்.
எழும்பவில்லை.
வேலையில் அவள் குறை வைத்ததே இல்லை.

பதினொரு மணிக்குக் கலோயான் போன் செய்தார்.
"இறங்குவேனா?"
"தூங்குங்கள்."

பதினாறு கால். ஒன்று தரை, ஒன்று மின்சாரத்துக்கு.
ஒரு பக்கம் ஏழு வாசல், எதிர்ப்பக்கம் ஏழு.
ஒன்று கருகிவிட்டது, மற்ற ஆறும் இன்னும் பேசின.
மீட்டர் முனையால் ஒவ்வொன்றாகத் தட்டிக் கேட்டாள்.
உள்ளே ஏற்றினால் வெளியே இறங்கியது.
உள்ளே இறக்கினால் வெளியே விட்டுவிட்டது.
மறுபடி. மறுபடியும் அதேதான்.

ஓ, நீயா.

ரிலேயை இழுக்கிற சாதாரணச் சில்லு.
ரேடியோ கடையில் டப்பா டப்பாவாய்க் கிடக்கும்,
ஒன்று அறுபது ஸ்தோதின்கி,
அரை ரொட்டிக்குக்கூடக் காணாது.
பக்கத்துத் தெருக்காரன் மேஜை இழுப்பறையில்
அப்போதே ஒரு பிடி இருந்திருக்கும்.
இதையா,
இதையா நான் எட்டு மணிநேரம்.

வெள்ளி மாலை புதியதைப் பற்றவைத்தாள்.
வெள்ளையெழுத்து பளிச்சென்று மேலே பார்த்தது.
பழக்கதோஷம், கட்டைவிரல் அதன்மேல்
ஒரு தரம் போய்த் திரும்பியது.
பக்கத்து மொட்டைகள் இரண்டும் அப்படியே.
அவை கெட்டால் அப்போது பார்க்கலாம்.

சனி காலை லிஃப்ட்டில் மூன்று பேர்.
கலோயான் டை கட்டியிருந்தார்.
"எவனோ பேரையெல்லாம் சுரண்டி வைத்திருக்கிறானாமே,
ரங்கேல் சொன்னான். அந்த ஆள் யாரென்று
உனக்குத் தெரியுமா?"

இடதுகையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு
ஷிவ்கா தலையை ஆட்டினாள்,
மேலும் கீழுமாக.
நாம் பார்த்தால் ஆமென்று நினைப்போம்.
அந்த ஊரில் அதற்கு இல்லை என்று அர்த்தம்.

நாலு, மூன்று என்று
விளக்கு மாறிக்கொண்டே வந்தது.