மூன்றாம் காட்சியில் தேத்தண்ணி

எனக்கு ஒரேயொரு வசனம்:
"சீனி எத்தனை கரண்டி?"

மேசையில் பொலித்தீன் பை,
இலக்கம் குத்தி, உள்ளே ஒரு சட்டை.
தாயாக நடிக்கும் யோகாம்பிகை
பையைத் திறக்காமல் தடவிக்கொண்டிருப்பாள்.
அந்த நேரம் பார்த்து
அறுந்த செருப்பை இழுத்து இழுத்து
நான் தட்டோடு நுழைய வேண்டும்.

ஒத்திகையில் சண்டை பிடித்தேன்.
"அந்த இடத்திலயா பகிடி? சனம் அடிக்கும் அண்ணை."
சற்குணம் பீடியை நிலத்தில் தேய்த்தார்.
"கரைவலை இழுக்கேக்க பாத்திருக்கிறியா?
ஒரு கட்டத்தில கயிறை விட்டுப் பிடிப்பாங்கள்.
இல்லாட்டி மடி கிழியும்."

வெள்ளிக்கிழமை. மனையாவெளியில் புழுக்கம்.
மண்டப வாசலில் கோட்டைப் பக்கத்து மான் ஒன்று
நோட்டீஸைத் தின்றுகொண்டு நின்றது,
என் பெயர் இருந்த மூலையில் தொடங்கி.

நுழைந்தேன். செருப்பு இழுபட்டது.
கேட்டேன்.
மின்விசிறி மட்டும் கறகறத்தது.

பிறகு மூன்றாம் வரிசையில் ஒரு பெண் சிரித்தாள்.
ஒருத்திதான்.
அவளைத் திரும்பிப் பார்த்தவர்கள் சிரித்தார்கள்,
பிறகு எல்லோரும், கூச்சப்பட்டுக்கொண்டே.
அது அடங்குமுன்
யோகாம்பிகை சட்டையை வெளியே எடுத்துவிட்டாள்.
திறந்த வாய்கள் திறந்தபடி.
அதற்குள்ளால்தான் அது இறங்கியது.

முகப்பூச்சைத் தேங்காயெண்ணெய் போட்டுத் துடைக்கையில்
அந்தப் பெண் திரைக்குப் பின்னால் வந்தாள்.
"எனக்கும் தந்தவங்கள் தம்பி.
சீனி கேக்கேல்ல. சரியான இனிப்பு.
முழுக்கக் குடிச்சனான், பாருங்கோவன்.
அவ்வளவு தண்ணி விடாய்."
சொல்லிவிட்டுத் திரும்பவும் சிரித்தாள்.
"செருப்புத்தான் பிழை.
அவங்கள் சப்பாத்து."

அடுத்த நாள் சப்பாத்தோடு போனேன்.
ஒரு குஞ்சும் சிரிக்கவில்லை.
முன்வரிசையில் இரண்டு பேர் எழும்பிப் போனார்கள்,
சற்குணம் என்னோடு கதைக்கவில்லை.

மூன்றாம் நாள் மறுபடி அறுந்த செருப்பு.
ஆனால் இதுவரை வெறும் கோப்பைதான் கொண்டுபோனேன்.
அன்று சுடச்சுட ஊற்றி,
கேட்கமுன்னமே
நாலு கரண்டி போட்டுக் கலக்கினேன்.

யோகாம்பிகை ஒரு மிடறு குடித்தாள்.
வசனம் மறந்து
என்னையே பார்த்தாள்.